மெலிவு என்ற சொல்

சித்திரை வெயிலிலும் பனையேந்தல் கடைத்தெருவில் கம்பளிச் சட்டை விற்றது. ராமநாதபுரம் பக்கம் வேறு எந்த ஊரிலும் அந்த மாதத்தில் மேல்துணியைக்கூடத் தாங்க முடியாது. பனையேந்தலில் மட்டும் பாசி ஆலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் கம்பளியைப் போட்டு, கைகளை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பேருந்துக்கு நின்றார்கள். அவர்களுக்குக் குளிரெடுத்தது.

அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்த டாக்டர் ஜொஹராவுக்கு முதலில் அதைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவள் அவள். அந்த வெயில் எப்படிப்பட்டது என்று தெரியும். போகப்போகப் பழகிவிட்டது. அப்படிப் பழகிப்போனதை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகம் வருத்தப்பட்டாள்.

குளிருக்குக் காரணம் ‘நிறைவு’ என்ற மாத்திரை. வாழ்நாளில் ஒரு தடவை விழுங்கினால் போதும். அதிலிருக்கும் நுண்ணுயிர் குடலில் குடியேறி, உடம்பு எரிக்கும் அளவைத் தணித்து வைத்துவிடும். அதன்பிறகு நாலு வாய்ச் சோற்றில் ஒரு நாள் ஓடும். பசி என்பதே வராது. பருவமழை தொடர்ந்து பொய்த்து, அரிசி விலை ஏறி, ரேஷன் பாதியாகக் குறைந்துபோன வருடங்களில் அரசு அதை அனுமதித்தது. விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்றார்கள். கட்டாயம் இல்லைதான். ஆனால் பாசி ஆலையில் மாத்திரை எடுத்தவர்களுக்கே முதலில் வேலை கிடைத்தது. அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை தேவைப்படவில்லை. கடல்பாசியை அலசி, உலர்த்தி, சத்துக் கட்டிகளாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆலை அது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவரும் அந்தக் கட்டியை வாயில் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை.

முனீஸ்வரி அந்த ஆலையில் பாசி அலசும் தொட்டியில் வேலை செய்தாள். கணவன் நம்புராஜன் அதே ஆலையில் கட்டி அழுத்தும் இயந்திரத்தில் இருந்தான். அவள் கர்ப்பமாகி முதல் தடவை பரிசோதனைக்கு வந்தபோது ஜொஹரா அவள் மேல்கையைச் சும்மா பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தாண்டிப் போயின. வளையல்கள் முழங்கையைக் கடந்து மேலே ஏறிக் கிடந்தன. கழன்று விழாமல் இருக்க மெட்டியில் நூல் சுற்றியிருந்தாள். கன்னத்தில், கையில் எல்லாம் குளிருக்காக உடம்பே முளைக்கவைத்த பூனைமயிர்.

அறையின் மூலையில் அளவி நின்றது. அதன் முன்னால் நின்று ஒரு தடவை மூச்சு விட்டால் போதும், உடம்பை அளந்து திரையில் ஒரு வார்த்தை காட்டும். ‘இயல்பு’ என்றால் பச்சை. ‘மெலிவு’ என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் சட்டப்படி அந்த ஆளை இயந்திரத்தில் வேலைக்கு விடக்கூடாது, வைத்தியம் பார்க்க வேண்டும், ரேஷனைக் கூட்டித் தர வேண்டும். முனீஸ்வரிக்குப் பச்சை வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கென்று அளவியில் தனி அளவுகோல் இருந்தது. மூச்சிலேயே அது ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

ரொம்ப இளைத்திருக்கிறாய் என்று ஜொஹரா சொன்னபோது முனீஸ்வரி சிரித்தாள்.

“இதக் கேட்டு எம்புட்டு நாளாச்சு டாக்டரம்மா. ஊருக்குப் போறப்பல்லாம் எங்கம்மா சொல்லும். இப்ப அதுவும் மாத்திர எடுத்துக்கிருச்சு. அதுக்கும் சொல்லத் தோண மாட்டேங்குது.”

உண்மையில் ‘இளைச்சுட்டியே’ என்ற பேச்சே அந்த ஊரில் வழக்கொழிந்து போயிருந்தது. உடம்பில் சதை தெரிகிறவர்கள் வேலை இல்லாதவர்கள், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போகிறவர்கள் எலும்பு தெரிகிற கையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஆலையில் பலகையில் உட்கார்ந்தால் எலும்பு குத்தும் என்று ஆளுக்கொரு சாக்கை மடித்து எடுத்துப்போனார்கள். அதைத் தவிர யாருக்கும் எதிலும் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

மாத்திரையைப் பற்றி ஜொஹரா கொஞ்சம் கடுமையாகப் பேசியபோது முனீஸ்வரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன வயதில் அவர்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னாள். “எந்தம்பி தட்டுல கெடக்குறத நான் புடுங்கித் திம்பேன். அவன் அழுவான். அழுகுறதப் பாத்துக்கிட்டே திம்பேன். நிறுத்த முடியாது. அப்பறம் ராத்திரி முழுக்க நெஞ்சு அடிச்சுக்கிரும். பசின்னா அதான். அது போயிருச்சு டாக்டரம்மா. எனக்கு அது போதும்.”

ஜொஹரா பசித்துக் கிடந்தவள் அல்ல. நோன்பு நாளில் மாலையில் சாப்பாடு இருக்கும் என்று தெரிந்து பசித்திருப்பது வேறு. அது அவளுக்கே தெரியும்.

ஐப்பசியில் முனீஸ்வரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் ஒரு முறை அழுதான். அதோடு சரி. சேது என்று பேர் வைத்தார்கள். தொட்டிலில் கண்ணை விழித்துக்கொண்டு கிடப்பான். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எட்டிப் பார்த்து, இப்படி ஒரு தங்கமான பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்றார்கள். செவிலி கிரேஸ் மட்டும் ஜொஹராவிடம் தனியாக வந்து, இவன் பாலுக்கு அழவே இல்லை மேடம் என்றாள்.

தடுப்பூசிக்கு வந்தபோது குழந்தையின் எடை ஏறியிருக்கவில்லை. ஜொஹரா அவனை அளவியின் முன்னால் தூக்கிப் பிடித்தாள். இயல்பு என்று பச்சையாக வந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி பிடித்தாள். மறுபடியும் பச்சை. அப்புறம்தான் திரையின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் பார்த்தாள். அளவி அவனை மாத்திரை எடுத்தவர்களுக்கான அளவுகோலால் அளந்திருந்தது. குழந்தையின் மூச்சில் அந்த நுண்ணுயிரை அது கண்டுகொண்டிருக்கிறது. யாரும் அவனுக்கு மாத்திரை கொடுக்கவில்லை.

அன்று மத்தியானமே அவள் வளவனைக் கூப்பிட்டாள். மாத்திரையை உருவாக்கிய குழுவின் தலைவன் அவன். மருத்துவக் கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. மறுநாள் வந்து சேர்ந்தான். காரிலிருந்து இறங்கியவனை ஜொஹரா ஏற இறங்கப் பார்த்தாள். அவனும் கம்பளி போட்டிருந்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. அந்த மாத்திரையை முதன்முதலில் விழுங்கிய ஆள் தான்தான் என்று அவன் பெருமைப்படாமல் சொன்னான்.

குழந்தையை வெகுநேரம் பார்த்தான். பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஒட்டியிருக்கும் என்றான். இப்படி நடக்கலாம் என்று யோசித்திருந்தார்களாம். இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லையாம். அதற்காக அவன் பதறவில்லை. அதுதான் ஜொஹராவுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“இது மெலிவு, வளவன். உன் மெஷின் என்ன வேணா சொல்லட்டும்.”

“மெலிவுன்னா என்ன? நீயே சொல்லு.”

“ஒல்லின்னா அது ஒரு வாகு. சாகுற வரைக்கும் அப்படியே நல்லா இருக்கலாம். மெலிவுன்னா எதுவோ ஒண்ணு ஆள்கிட்டருந்து போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். நமக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.”

“சரி, இவன்கிட்டருந்து என்ன போகுது? ரத்தம் ஒழுங்கா இருக்கு. இதயம் ஒழுங்கா இருக்கு. எடை ஏறல, ஆனா இறங்கவும் இல்ல. ஒருத்தனுக்கு வேண்டியது கிடைக்கலன்னாதான் மெலிவு. இவனுக்கு வேண்டியதே கொஞ்சம்தான். என்ன போகுதுன்னு காட்டு ஜொஹரா, நான் ஒத்துக்கறேன்.”

காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. எல்லா அளவுகளும் அவன் பக்கம்தான் பேசின.

வளவன் கெட்டவன் இல்லை. அவன் அப்பா பஞ்சத்தில் ஊர் ஊராகக் கிணறு வெட்டப் போனவர். பசியை எடுத்துவிட்டால் பாதித் துன்பம் போய்விடும் என்று கல்லூரி நாளிலேயே சொல்லிக்கொண்டிருப்பான். அன்றும் அதைத்தான் சொன்னான். மீதிப் பாதி என்ன என்று அவளும் கேட்கவில்லை.

அவன் போன பிறகு ஜொஹரா வீடு வீடாகப் போனாள். மாத்திரை எடுத்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஊரில் நிறையவே இருந்தார்கள். எந்த வீட்டிலும் அழுகை இல்லை. மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டினால் பார்த்தார்கள், பிடிக்கக் கை நீட்டவில்லை. கையில் கொடுத்ததை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள்கூட யாரையும் கூப்பிடக் கற்றுக்கொள்ளவில்லை. கூப்பிட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவே இல்லை.

தெற்குத் தெருவில் ஒரு பெண்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனது. ஜொஹரா காரணத்தை மெலிவு என்று பதிவு செய்யப் பார்த்தாள். கணினி ஏற்க மறுத்தது. அதற்கு முந்தைய வாரம் அளவி அந்தக் குழந்தையை இயல்பு என்று சொல்லியிருந்தது. கடைசியில் காரணம் தெரியவில்லை என்று போட்டுத்தான் அடக்கம் செய்ய அனுப்ப முடிந்தது. அந்தக் குழந்தையின் தாய், டாக்டரம்மா நான் எந்தக் குறையும் வைக்கலயே, அவ கேக்கவே இல்லயே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜொஹரா மதுரையில் தொழிலாளர் நலத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டாள். கேட்டது ஒன்றுதான். மெலிவு என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளில் இருக்க வேண்டும், இரண்டு அளவுகோல் கூடாது. வேலை போய்விடும் என்று மேலதிகாரிகள் எச்சரித்தார்கள். அவள் அண்ணன் கீழக்கரையிலிருந்து வந்து, உனக்கு எதுக்கு இந்த வம்பு என்று ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டுப் போனார். சாட்சி சொல்ல ஊரில் யாரும் முன்வரவில்லை. நம்புராஜனுக்கு அறவே பிடிக்கவில்லை. முனீஸ்வரி மட்டும் வருகிறேன் என்றாள். டாக்டரம்மா கூப்பிட்டு எப்படி மாட்டேன்னு சொல்றது என்பதைத் தவிர அவளுக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

விசாரணையில் மாத்திரைக் கம்பெனியின் வக்கீல் மரியாதையாகவே கேட்டார். உங்களுக்குப் பசிக்கிறதா என்றார். இல்லீங்க என்றாள். உடம்பில் வலி, மயக்கம்? இல்லீங்க. மாத்திரை எடுத்ததற்காக வருத்தப்படுகிறீர்களா? இல்லீங்க. நீங்கள் மெலிந்துபோயிருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா என்று கேட்டபோது முனீஸ்வரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் இருக்கோம் என்றாள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மனு அத்தோடு முடிந்தது என்றுதான் ஜொஹரா நினைத்தாள்.

தலைமை நீதிபதி வயதானவர். அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, குழந்தை அழுவானா அம்மா என்று கேட்டார்.

“அழ மாட்டாங்கய்யா.”

“அப்ப பால் எப்ப கொடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நானா நெனச்சுக்கிரணும்.”

“மறந்துபோனா?”

முனீஸ்வரி கம்பளியின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஒரு நா மறந்துட்டேங்கய்யா. எனக்குந்தான் பசிக்கிறதில்லயே, சாப்பாட்டு நெனப்பே வரல. அவுகளுக்கும் வரல. மறுநா சாயந்தரந்தான் நெனப்பு வந்துச்சு. ஓடிப் போய்ப் பாத்தேன். முழிச்சுக்கிட்டுதான் கெடந்தான். என்னயப் பாத்து சிரிச்சான்.”

பின்வரிசையில் இருந்த வளவன் எழுந்து வெளியே போனதை ஜொஹரா பார்த்தாள். அவனுக்குக் காட்ட முடியாமல் போனதை முனீஸ்வரி காட்டிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது.

தீர்ப்பு ஜொஹராவின் பக்கம் வந்தது. மெலிவு என்ற சொல்லுக்கு இனி ஒரே பொருள்தான், மாத்திரை எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று சொன்னது. மாத்திரையைத் தடை செய்தது. நுண்ணுயிரை அகற்றும் மருந்தைக் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும், குழந்தைகளுக்கு முதலில். மெலிவு என்று கண்டறியப்படுகிறவர்களுக்கு அரசு முழு ரேஷனும் பாலும் தர வேண்டும். செய்தித்தாள்களில் ஜொஹராவின் படம் வந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில் பரமக்குடியில் காரை நிறுத்தி கிரேஸ் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மாற்று மருந்தை வளவனே கொண்டுவந்தான். கம்பெனியிலிருந்து விலகிவிட்டிருந்தான். ஜொஹராவிடம் அதிகம் பேசவில்லை. சேதுவுக்கு முதலில் கொடுத்தார்கள். சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில், முனீஸ்வரி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு சீட்டு வாங்க நின்ற நேரத்தில், அவன் முகம் கோணி, உதடு பிதுங்கி, ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. தொண்டை கிழிய அழுதான். வரிசையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். கிரேஸ் பாலோடு ஓடிவந்தாள். முனீஸ்வரி சிரித்துக்கொண்டே அழுதாள். மருந்து கொடுத்த நாளிலிருந்து அங்கேயே தங்கியிருந்த வளவன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த ஒரு காலைக்காகவே இவ்வளவும் செய்தது தகும் என்று ஜொஹரா நினைத்தாள்.

அடுத்த வாரம் ஆலை வாசலில் இருந்த அளவியிலும் புது அளவுகோல் ஏற்றப்பட்டது. காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்றார்கள். எல்லோருக்கும் சிவப்பு. முனீஸ்வரி, நம்புராஜன், கங்காணி, வாசலில் நின்ற காவலாளி வரை சிவப்பு. மெலிவு நோயாளிகளை இயந்திரத்தில் வேலைக்கு விடச் சட்டம் இடம் தராது என்று ஆலை நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. யாரையும் நீக்கவில்லையாம். உடம்பு தேறியதும் வரலாமாம். அதுவரை ஆட்களை வேறு ஊர்களிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

ரேஷனும் பாலும் வரவில்லை. செலவு தாங்காது என்று அரசு மேல்முறையீட்டுக்குப் போயிருந்தது. அது முடியும்வரை தீர்ப்பின் அந்தப் பகுதி மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. சொல்லின் பொருளை யாரும் எதிர்க்கவில்லை. அது அப்படியே நின்றது.

ஜொஹரா சென்னைக்கு இரண்டு முறை போய் வந்தாள். தெரிந்தவர்களிடம் கேட்டு, கீழக்கரையில் பள்ளிவாசலில் சொல்லி, பால்மாவு வரவழைத்தாள். அது சுகாதார நிலையத்துக் குழந்தைகளுக்கே எட்டவில்லை. மருந்து கொடுத்த குழந்தைகள் எல்லோரும் இப்போது அழுதார்கள். பனையேந்தலில் எந்தத் தெருவில் நடந்தாலும் கேட்டது. ஊர்க்காரர்கள் அவளைப் பார்த்தால் முன்புபோல் நின்று பேசுவதில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் ஒருவர், ஒரு வார்த்தைய வச்சு எங்க எல்லாரையும் நோயாளியாக்கிட்டீகளேம்மா என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

வளவனிடம் அதைச் சொன்னாள். அவன் மீதி மருந்தை எண்ணாமல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். “எனக்குப் பசிய எடுக்கத் தெரிஞ்சுது, திருப்பிக் குடுக்கவும் தெரியுது. சோறு போடத்தான் தெரியல” என்றான். பிறகு, “உனக்கும்தான்” என்றான்.

நம்புராஜன் தானாக வந்து மாற்று மருந்தைக் கேட்டு வாங்கிப் போனான். பசி திரும்பினால் சாப்பிட்டு உடம்பு தேறும், தேறினால் அளவியில் பச்சை வரும், வேலைக்குப் போகலாம் என்பது அவன் கணக்கு. அதில் தப்பு எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதுதான் அதில் இல்லை. அதற்குப் பிறகு அவனை ஜொஹரா ஒரே ஒரு முறை பார்த்தாள். மீன் ஏலம் விடும் இடத்தில், கொட்டிய கழிவை நாய்களோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நகர்ந்துபோனான்.

சேதுவுக்கு ஒன்றரை வயதுக்கு மேல் ஆனபோது ஒரு மத்தியானம் முனீஸ்வரி வந்தாள். வெளியே அழுகையைக் கேட்டே ஜொஹராவுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை இடுப்பில் நிலைகொள்ளவில்லை. மேசைமேல் இருந்த காகிதத்தைப் பிடித்து வாயில் திணித்தான். ஜொஹரா அதை எடுத்தபோது அவள் விரலைக் கடித்தான்.

முனீஸ்வரி உட்கார்ந்தாள். வீட்டு நிலவரத்தை மெதுவாகச் சொன்னாள். பிள்ளைக்கென்று கொடுத்த பால்மாவை நம்புராஜன் இரவில் தண்ணீரில்கூடக் கரைக்காமல் அள்ளித் தின்றுவிடுகிறான். தின்றுவிட்டுச் சுவரில் முட்டிக்கொள்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனுக்குப் பசிக்கிறது என்றாள். அவள் மட்டும் மாற்று மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு ஆளாவது பசிக்காமல் இருக்க வேண்டும் என்றாள்.

“எனக்கும் பசிச்சா இவன் அழுகுறது எனக்குப் புரியும் டாக்டரம்மா. எனக்குத்தான் பசிக்க மாட்டேங்குதே. வெறுஞ் சத்தமாத்தான் கேக்குது. ஆனா தாங்க முடியல.”

பிறகு, இவனுக்கு அந்த மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள்.

ஜொஹரா முடிந்ததையெல்லாம் சொன்னாள். மாத்திரை தடை செய்யப்பட்டது, தன்னிடம் இல்லை என்றாள். மாற்று மருந்து கொடுத்த பிறகு அவன் கை நீட்டக் கற்றிருப்பதை, தவழ்ந்து நடக்கத் தொடங்கியிருப்பதை, அம்மா என்று கூப்பிடுவதைச் சொன்னாள். மாத்திரை கொடுத்தால் இவையெல்லாம் மெல்ல மெல்ல நின்றுபோகலாம் என்றாள். மேல்முறையீடு முடிந்ததும் ரேஷன் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றாள். எப்ப வரும் என்று முனீஸ்வரி கேட்டாள். அது ஜொஹராவுக்குத் தெரியாது.

“அம்மான்னு கூப்புடுறான். கூப்புட்டா நான் என்னத்தக் குடுக்க?” என்றாள் முனீஸ்வரி. முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மங்கிய நீல நிறத்தில் ஒரு மாத்திரை. “ஒங்ககிட்ட இருக்காதுன்னு தெரியும். இது திருட்டுத்தனமா கெடைக்குது. பெரியாளுக்கு உள்ளது. பிள்ளைக்கு எம்புட்டுன்னு தெரியல. கூடிப்போச்சுன்னா என்ன ஆகும்னு பயமா இருக்கு. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

ஜொஹரா அந்த உள்ளங்கையையே பார்த்தாள். மாத்திரையைப் பிடுங்கிக்கொள்ளலாம். நாளை இன்னொன்றை வாங்கிக்கொள்வாள். சொல்லாமல் அனுப்பினால் உத்தேசமாக உடைத்துக் கொடுப்பாள், குழந்தையின் இதயம் நின்றுபோகும். தெற்குத் தெருவில் குழந்தையை இழந்த தாயின் முகம் அவளுக்கு நினைவில் வந்தது. சட்டம் நினைவில் வந்தது. குழந்தை தாயின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் சொன்னாள். கால்வாசிக்கும் குறைவாக, பொடித்து, ஆறிய வெந்நீரில். ஒரே தடவையில் கொடுக்கக்கூடாது, இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பாதிப் பாதியாக. இப்போது இல்லை, நன்றாகக் குடித்துத் தெம்பாக இருக்கும் நாளில். முனீஸ்வரி ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒரு இடத்தில் தப்பியது. ஜொஹரா திருத்தினாள்.

“பாலு கொஞ்சம் இருந்தாக் குடுங்க டாக்டரம்மா. இன்னிக்காச்சும் வயிறாரக் குடிச்சுக்கிரட்டும்.”

கிரேஸ் தன் டீக்கென்று வைத்திருந்த பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூச்சுவிடாமல் குடித்தான். தாடையில் வழிந்து கம்பளியில் சொட்டியது. தீர்ந்ததும் வீறிட்டான். மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தான். மூன்றாவது முறை ஊற்றியபோது பாதியில் நிறுத்தினான். தம்ளரைக் கையால் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாயின் மாரில் தலையைச் சாய்த்தான். கண் செருகியது.

முனீஸ்வரி தம்ளரை மறுபடி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் திகைத்துப்போய் ஜொஹராவைப் பார்த்தாள். பசி வந்ததிலிருந்து அவன் எதையும் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

“வயிறு நெறஞ்சா இப்படித்தான் செய்வாகளா டாக்டரம்மா?”

ஆமாம் என்றாள் ஜொஹரா.

முனீஸ்வரி சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் வாயைத் துடைத்துவிட்டு, மாத்திரையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.